கோபுரத்தைக் கடலிலிருந்து பார்த்தவர்கள்

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இல்லை. தருமபுரியிலிருந்து கிழக்கே போனாலும் தெற்கே போனாலும் கடலைக் காண அரை நாளாவது பேருந்தில் உட்கார வேண்டும். எம் பங்கு மக்களுக்குக் கடல் என்பது வாரச்சந்தைக்கு வந்து சேரும் கருவாடு. அதற்கு மேல், ஆண்டுக்கொருமுறை வேளாங்கண்ணிக்குச் சென்று கால் நனைத்துத் திரும்பும் அலை. அந்த அலைக்கு அப்பால் மக்கள் இருக்கிறார்கள் என்பதும், அவர்களில் பெருந்தொகையினர் நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் என்பதும் நமக்குத் தெரியாததன்று. தெரிந்தும் நினைக்காத செய்தி அது.

எம் பங்கில் மாதம் ஒருமுறை கூடும் சிறு வாசகர் வட்டம் ஒன்று உண்டு. பதினைந்து பேருக்கு மேல் வந்ததில்லை. கடந்த ஓராண்டாகக் கடற்கரை நாவல்களை எடுத்துக்கொண்டோம். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977), ராஜம் கிருஷ்ணனின் 'அலைவாய்க் கரையில்' (1978), ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) ஆகிய மூன்றையும் முழுமையாகப் படித்தோம். சாகித்திய அகாதெமி விருது 2013-இல் ஜோ டி குருஸுக்குப் பெற்றுத் தந்த 'கொற்கை'யையும் தொட்டோம்; ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலை முடித்தவர்கள் எங்களில் இருவரே.

மூன்றாவது கூட்டத்தின்போது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். ஞாயிறுதோறும் முதல் வரிசையில் அமர்பவர். "ஃபாதர், நம் கோயிலைப் பற்றியும் நம் குருக்களைப் பற்றியும் இவ்வளவு கசப்பாக எழுதியிருப்பதை நீங்களே எங்கள் கையில் கொடுக்கலாமா?" என்று கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை, வருத்தமே இருந்தது. அன்று நான் தந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்த விடையை இன்னும் சற்று நிதானமாகச் சொல்லிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

முதலில், கடற்கரை ஊர்களின் வரலாற்றை நாம் எப்படி எழுதி வைத்திருக்கிறோம் என்று பார்ப்போம். நம் பங்குகளின் நூற்றாண்டு மலர்களையும் யூபிலி மலர்களையும் புரட்டினால் ஒரே அச்சில் வார்த்த வரலாறு கிடைக்கும். ஆயரின் ஆசியுரை, வாழ்த்துச் செய்திகள், ஆலயத்தின் பழைய புகைப்படம், முதல் திருமுழுக்கு, அடிக்கல், கொடிமரம், பணியாற்றிய பங்குக்குருக்களின் பட்டியல். முத்துக்குளித்துறையைப் பற்றிய மலராயின் 1535-இல் தூத்துக்குடியில் மூண்ட பூசலும், அதைத் தொடர்ந்து கொச்சிக்குச் சென்ற பரதவத் தலைவர்களும், அடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்த பெருந்திரளான திருமுழுக்கும் இடம்பெறும். 1542-இல் புனித சவேரியார் வருவார். அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பெருமையோடு குறிக்கப்படும். மணப்பாட்டுத் திருச்சிலுவையும் தூத்துக்குடிப் பனிமய அன்னையும் வருவார்கள். 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்ததும், அதன் முதல் ஆயராக இந்தியரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை பொறுப்பேற்றதும் வரும்.

இவையனைத்தும் உண்மை, பெருமைப்படத்தக்க உண்மை. ஆயினும் இந்த வரலாற்றில் மக்கள் என்ன செய்கிறார்கள்? திருமுழுக்குப் பெறுகிறார்கள், கல் சுமக்கிறார்கள், தேர் இழுக்கிறார்கள். மற்ற நாட்களில் அவர்கள் எங்கே போனார்கள் என்று மலர் சொல்லாது. பின்னால் செம்மணல் தேரி, முன்னால் கடல். இரண்டுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் விளிம்பில் ஏன் குடியேறினார்கள், குடிநீருக்கு எந்தக் கிணற்றை நம்பினார்கள், மீன் படாத மாதங்களில் எதை உண்டார்கள், தேரிக்கு அப்பால் பனையேறும் ஊர்களோடு மீனைக் கொடுத்துக் கருப்பட்டி வாங்கிய உறவு எப்போது உறவாகவும் எப்போது பகையாகவும் இருந்தது என்பவற்றுக்கெல்லாம் ஒரு பக்கமும் கிடையாது. ஏதோ திருமுழுக்குத் தண்ணீர் தலையில் விழுந்த அன்றுதான் அந்த ஊர்கள் கடலிலிருந்து எழுந்து வந்தன போலத் தோன்றும். கொற்கையைக் கிரேக்கக் கடலோடிகள் அறிந்திருந்தார்கள். சுறாமீனின் கொம்பை நட்டு வழிபட்ட பரதவரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அந்தக் கொம்பு நின்ற மணலில்தான் பின்னர்ச் சிலுவை நின்றது. மணல் பழையது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன், குருமட மாணவனாக இருந்தபோது, மேய்ப்புப்பணிப் பயிற்சிக்காகத் தென்கடற்கரையில் ஒரு பங்குக்கு அனுப்பப்பட்டேன். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவருக்காக நினைவுத் திருப்பலி. உடல் கிடைக்கவில்லை. பங்குத்தந்தை என்னைச் சிறு மறையுரை ஆற்றச் சொன்னார். அடக்கச் சடங்குகளில் நாம் வழக்கமாக வாசிக்கும் திருவெளிப்பாட்டின் இருபத்தோராம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். புதிய விண்ணகமும் புதிய மண்ணகமும் தோன்றும்போது கடல் இல்லாமற் போயிற்று என்று யோவான் காண்கிறாரே, அந்த இடத்தை விளக்கினேன். பாலைநிலத்து இஸ்ரயேலருக்குக் கடல் என்பது குழப்பத்தின் சின்னம், தீமையின் உறைவிடம். ஆகவே கடலில்லாத உலகம் என்பது அச்சமில்லாத உலகம் என்று, வகுப்பில் எழுதிக்கொண்ட குறிப்புகளை அப்படியே ஒப்புவித்தேன். கணவனைக் கடலுக்குக் கொடுத்த குடும்பத்துக்கு இதைவிட ஆறுதல் ஏது என்று எண்ணினேன்.

திருப்பலி முடிந்ததும் ஒரு முதியவர் வந்தார். "கடலே இல்லாத மோட்சத்துல எங்களுக்கு என்ன சோலி சாமி?" என்றார். கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற அந்தக் கைம்பெண் கேட்டது அதைவிட எளிது: "கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் குழியில மெழுகுதிரி ஏத்துவாங்க. குழியே இல்லாதவருக்கு நான் எங்க ஏத்துவேன்?"

இரு கேள்விகளுக்கும் என் குறிப்பேட்டில் விடை இல்லை. நாங்கள் பயின்ற இறையியல் தரைவாழ் மக்கள் எழுதிய இறையியல். கடலை அஞ்சுகிறவன் எழுதியது அது. கடலைத் தாய் என்றழைத்து, அவள் கையாலேயே உண்டு, அவள் கையாலேயே மாள்கிறவன் எழுதியதன்று. இந்த நாவல்களைப் பிற்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது அந்த இரண்டு கேள்விகளையும் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடியே படித்தேன். இலக்கியத் திறனாய்வுக்கு இது பொருத்தமான அளவுகோல் அன்று என்று கற்றோர் சொல்லக்கூடும். என்னிடம் இருந்த அளவுகோல் அதுதான்.

'கடல்புரத்தில்' மணப்பாட்டை நிலைக்களனாகக் கொண்டது. வண்ணநிலவன் அந்தச் சமூகத்தில் பிறந்தவர் அல்லர். திருநெல்வேலிச் சீமையின் மறுபக்கத்திலிருந்து வந்து, ஒரு விருந்தாளிக்குரிய மரியாதையோடு அந்த வீடுகளுக்குள் நுழைகிறார். குரூஸ் மைக்கேலின் மகன் செபஸ்தி ஆசிரியன். வல்லத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி தந்தையை வற்புறுத்துகிறான். மகனுக்கு வல்லம் ஒரு சொத்து. தந்தைக்கு அது உடம்பில் ஓர் உறுப்பு. இந்த ஒரு முரணை வைத்துக்கொண்டே, விசைப்படகுகள் வந்து சேர்ந்த காலத்தில் ஒரு கடற்கரை எப்படி உள்ளுக்குள் உடைந்தது என்பதைக் காட்டிவிடுகிறார். லாஞ்சிக்காரர்களுக்கும் வல்லக்காரர்களுக்கும் இடையே எழும் பகை கற்பனையன்று. அது கரையெங்கும் எரிந்த நெருப்பு. நாவல் வந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1983-இல், தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கலாகாது என்று விதித்தது. அந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அரசிதழைவிட இந்தச் சிறு நாவல் உதவும்.

பிலோமியைப் பற்றி எங்கள் வட்டத்துப் பெண்கள் நெடுநேரம் பேசினார்கள். சாமிதாஸை நேசித்து, அவனை இழந்து, இழந்த பின்னும் வெறுக்க முடியாமல் நிற்கும் பெண் அவள். அந்த மன்னிப்பில் ஏதோ தெய்வீகம் இருக்கிறது என்றார் ஓர் இளம் ஆசிரியை. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு குறை சொல்லவேண்டும். இந்நாவலில் எல்லாரும் சற்று அளவுக்கு மீறி நல்லவர்களாக இருக்கிறார்கள். விருந்தாளியின் கண்ணுக்கு வீடு சுத்தமாகத்தான் தெரியும். கோயிலும் இங்கே தொலைவில் கேட்கும் ஒரு மணியோசைதான். அதன் அதிகாரமும் தெரியவில்லை, அதன் அருளும் தெரியவில்லை. நம் தலைமையாசிரியருக்கு இந்த நாவலில் எந்த வருத்தமும் ஏற்படாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அவருடைய வருத்தம் 'அலைவாய்க் கரையில்' நாவலில் தொடங்கிற்று. முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன், ஒரு தொழிலைப் பற்றி எழுதுவதென்றால் அந்தத் தொழில் நடக்கும் இடத்துக்குப் போய் மக்களோடு பழகிப் பேசிக் குறிப்பெடுத்து எழுதியவர். உப்பளத் தொழிலாளரைப் பற்றிய 'கரிப்பு மணிக'ளும் அப்படிப் பிறந்ததே. கடற்கரைக்குச் சென்றபோது அவர் கேட்ட கேள்வி, நம் மலர்கள் எதுவும் கேட்காத கேள்வி: பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது? மீனவன் கொண்டுவரும் மீனில் கோயிலுக்கென்று பிரிக்கப்படும் பங்கு, சுறாவின் துவியைக் கோயில் குத்தகைக்கு விடும் வழக்கம், அதை எதிர்த்து எழும் இளைஞர்கள், அந்த எதிர்ப்பினால் ஊர் இரண்டாகப் பிளப்பது ஆகியவை நாவலின் முதுகெலும்பு.

இலக்கியமாகப் பார்த்தால் இந்நாவலில் பல தளர்ச்சிகள் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் மனிதர்களாகப் பேசாமல் கட்சிகளாகப் பேசுகிறார்கள். எடுத்த குறிப்புகள் அனைத்தையும் எப்படியாவது கதைக்குள் வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது. ஆனாலும் நான் இந்தப் புத்தகத்தின் முன்தான் அதிகம் கூனிக்குறுகினேன். பட்டினியாய்க் கிடந்த நாட்களில் கடன் கேட்கப் போகுமிடம் வட்டிக்காரன் வீடு, மீன் பட்ட நாளில் பங்கு கேட்டு வருமிடம் கோயில் என்று ஒரு மீனவன் உணர்ந்தால், அவன் விசுவாசத்தில் எதுவோ முறிந்துபோகும். ஆலயங்கள் அந்தப் பங்கினால்தான் எழுந்தன, பள்ளிகளும் அதனால்தான் நடந்தன என்பது நாம் சொல்லும் மறுமொழி. அது பொய்யன்று. ஆனால் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்டவனை 'கோயில் விரோதி' என்று அழைத்த நாட்களும் உண்டு என்பதை நாம் மறைக்கலாகாது. இன்று பங்குகளில் நிதிக்குழுக்கள் அமர்ந்து கணக்குப் பார்க்கின்றன. கேட்கத் தொடங்கியவர்கள் யார் என்பதை நினைக்கிறோமா?

இனி 'ஆழி சூழ் உலகு'. உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் விருந்தாளியும் அல்லர், ஆய்வாளரும் அல்லர், வீட்டுக்காரர். நாவல் ஆமந்துறை என்னும் கற்பனை ஊரின் அரை நூற்றாண்டுக் கதை; 1930-களில் தொடங்கி 1980-களின் நடுப்பகுதி வரை வருகிறது. உடைந்த கட்டுமரத்தைப் பற்றிக்கொண்டு மூன்று தலைமுறையைச் சேர்ந்த மூவர் கடலில் மிதக்கிறார்கள்: கோத்ராப் பிள்ளை, சூசை, சிலுவை. அவர்கள் மிதக்கும் பகல்களுக்கும் இரவுகளுக்கும் இடையே ஊரின் கதை எழுந்து எழுந்து அடங்குகிறது. இந்த அமைப்பை நான் உத்தியாகப் பார்க்கவில்லை. சாகப் போகிறவன் கடந்து வந்ததை நினைக்கிறான். அதில் உத்தி ஏது? ஆனால் இதனால் ஒன்று நிகழ்கிறது. கரையிலே நடக்கும் சண்டைகள், கள்ளத்தனங்கள், காமங்கள், திருவிழாக்கள் யாவற்றையும் நாம் கடலிலிருந்து பார்க்கத் தொடங்குகிறோம். நம் மலர்கள் கடலைக் கோபுரத்தின் மேல் ஏறி நின்று பார்த்தன. இந்த நாவல் கோபுரத்தைக் கடலிலிருந்து பார்க்கிறது.

மரம் ஓட்டும் மீனவருக்குக் கோபுரம் வெறும் அழகுக்கன்று. நவீனக் கருவிகள் வருமுன், கடலுக்கடியில் மீன் அடையும் பார்கள் எங்கே கிடக்கின்றன என்பதைக் கரையின் அடையாளங்களை வைத்தே கண்டறிந்தார்கள். தொலைவில் நிற்கும் ஒரு மலைமுகடும் அருகிலிருக்கும் ஒரு கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் வரவேண்டும். பக்கவாட்டில் இன்னொரு பனைக்கூட்டமும் இன்னொரு மேடும் ஒரே கோட்டில் வரவேண்டும். இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் வலையிறக்கினால் மீன். தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த கணிதம் இது. கோபுரத்தை நாம் கட்டியது மணி அடிப்பதற்கு. அவர்கள் அதைப் பிழைப்புக்கும் உயிரோடு திரும்புவதற்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஓர் ஆலயத்துக்கு இதைவிடச் சிறந்த பயன் இருக்கமுடியுமா என்று யோசிக்கிறேன்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வாடை, கொண்டல், சோழக்காற்று, கச்சான் என்று காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர், நீரோட்டத்துக்கு நீவாடு, அலையின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல். முதல் ஐம்பது பக்கங்களில் எங்கள் வட்டத்தில் பாதிப்பேர் புத்தகத்தை மூடிவிட்டார்கள். தருமபுரி மண்ணில் வளர்ந்த எங்களுக்கு இது அயல்மொழி போல் இருந்தது. மூடாமல் தொடர்ந்தவர்களுக்கு ஒரு கட்டத்துக்குப் பின் அந்தச் சொற்கள் தாமாகவே பொருள் சொல்லத் தொடங்கின. கோடிட்டு விளக்கம் எழுதி ஆசிரியர் நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவில்லை. மரத்தில் ஏற்றித் தள்ளிவிட்டார். அதுவே சரி.

குருக்களை எப்படிக் காட்டுகிறார்? நம் தலைமையாசிரியருக்கு வலித்த இடம் இது. குறை நிறைந்த குருக்கள் இந்நாவலில் உண்டு. ஆனால் காகு சாமியாரும் உண்டு. மக்களோடு மக்களாக வாழ்ந்து, அவர்களுடைய பட்டினியைத் தன் பட்டினியாக ஏற்ற அந்தக் குருவைப் போல ஒரு குருவைத் தமிழ் நாவலில் நான் வேறெங்கும் கண்டதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பணியில் இருக்கிறேன். என்னைப் பற்றி ஒரு நாவலாசிரியர் எழுதினால் எந்தப் பட்டியலில் வைப்பார் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. பகைவன் எழுதிய நூலில் காகு சாமியார் வரமாட்டார். வீட்டுக்குள்ளிருந்து எழும் கோபத்துக்கும் வெளியிலிருந்து எறியும் கல்லுக்கும் வேறுபாடு உண்டு.

நாவலுக்குள் திரும்பத் திரும்ப வருவது சாவு. நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்று நம் முன்னோர் வகுத்தார்கள். தலைவனின் பிரிவை எண்ணித் தலைவி இரங்குவதாக நாம் பள்ளியில் படித்தோம். கரையில் நிற்கும் பெண்ணின் இரங்கல் காதலைப் பற்றியது மட்டும்தானா என்ற ஐயம் இந்நாவலைப் படித்தபின் எனக்கு எழுந்தது. திரும்பி வருவானா என்று தெரியாமல் நிற்கும் ஒருத்திக்கு மனைவியின் இடமும் இல்லை, கைம்பெண்ணின் இடமும் இல்லை. உடல் கிடைக்காதவருடைய வாழ்க்கைத் துணை மறுமணம் செய்யவேண்டுமானால், இறப்பு நிகழ்ந்ததாகக் கொள்ளலாம் என்று ஆயர் விசாரித்து அறிவிக்கவேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707-ஆம் எண். நாட்டுச் சட்டமோ பொதுவாக ஏழாண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. இரண்டும் நியாயமான விதிகளே. ஆனால் இரண்டும், இறந்தவர்களுக்கு உடல் இருப்பதே இயல்பு என்று எண்ணும் தரைவாழ் மக்களின் விதிகள்.

இது பழங்கதையன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் நாட்கணக்கில் தங்கல் தொழிலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் எத்தனையோ வீடுகளுக்கு எந்த உடலும் வந்து சேரவில்லை. ஆழிப்பேரலை வந்த அதே 2004-ஆம் ஆண்டில்தான் 'ஆழி சூழ் உலகு' வெளிவந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். அந்த டிசம்பர் 26-க்குப் பின் நாடெங்கும் கடற்கரையை இரக்கத்தோடு பார்த்தார்கள். அரிசி போயிற்று, துணி போயிற்று, எம் பங்கிலிருந்தும் ஒரு வண்டி போயிற்று. அந்த மக்கள் யார் என்று அறிந்துகொள்ள ஒரு புத்தகமும் அதே ஆண்டில் வந்திருந்தது; அது எம் பங்குக்கு வந்து சேர இத்தனை ஆண்டுகள் ஆயின.

குறைகளும் உண்டு. பாத்திரங்களின் பெருக்கத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று தாள் எடுத்துக் குறித்துக்கொள்ள நேர்ந்தது. உடல் இச்சையைச் சொல்லும் பகுதிகள் சில கதைக்குத் தேவைப்பட்ட அளவைக் கடந்து நீள்கின்றன. இதை நான் குருவாக இருப்பதனால் சொல்வதாக எண்ணவேண்டாம். பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் நினைவில் வரும் பெண்களாகவே இருக்கிறார்கள். மீன்கூடையைத் தலையில் சுமந்து, தேரி மணலில் கால் வேக, உள்ளூர்களுக்கு நடந்து விற்றுத் திரும்பி, அன்றாடக் குடும்பக் கணக்கையும் கடன் கணக்கையும் கையில் வைத்திருந்தவள் கடற்கரைப் பெண். ஆண் கடலை அறிந்தான் என்றால் அவள் நாட்டை அறிந்தாள். அந்த நடையை முழுமையாக எழுதிய நாவலை நான் இன்னும் படிக்கவில்லை.

இன்னொன்றும் எனக்குக் குறையாகப் படுகிறது. இந்த நாவல்கள் எதிலும் செபம் உள்ளிருந்து சொல்லப்படவில்லை. திருவிழா வருகிறது, கொடியேற்றம் வருகிறது, அங்கே சண்டை வருகிறது. மரத்தைத் தள்ளுமுன் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்ளும் கை வருகிறது. அந்தக் கை என்ன நினைத்தது? மாலையில் கெபியின் முன் கூடி மணலில் அமர்ந்து செபமாலை சொல்லும் பெண்களின் மனத்தில், ஐம்பத்து மூன்று மணிகளும் உருளும்போது, என்ன உருண்டது? கோயிலை நிறுவனமாகப் பார்த்த கண்கள் கூர்மையாகப் பார்த்தன. விசுவாசமாகப் பார்த்த கண்ணை நான் இன்னும் தேடுகிறேன். அந்த முதியவரின் கேள்வியை, கடலே இல்லாத மோட்சம் எதற்கு என்பதை, யாராவது ஒரு நாவலாக எழுதவேண்டும்.

நம் தலைமையாசிரியருக்குச் சொல்ல விரும்புவது சவேரியாரின் கடிதங்களில் இருக்கிறது. 1544 ஜூன் மாதத்தில் வடுகர் படையெடுப்புக்கு அஞ்சிக் குமரிமுனைப் பகுதிக் கிறிஸ்தவர்கள் கடலில் நிற்கும் பாறைகளுக்குத் தப்பியோடினார்கள். அங்கே உணவும் நீருமின்றி மடிந்துகொண்டிருந்தார்கள். செய்தி அறிந்த சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய மடல்களில் அதைக் குறிப்பிடுகிறார். எட்டு நாள் எதிர்க்காற்றோடு கடலில் போராடியும் அவர்களை அடைய முடியவில்லை, திரும்ப நேர்ந்தது. பிறகு நடந்தே போனார். அதே காலத்துக் கடிதங்களில், மக்களைச் சுரண்டிய போர்த்துக்கீசியத் தளபதியைக் கடுமையாகக் குறைசொல்கிறார். ஞானஸ்நானம் கொடுத்துச் சலித்த கை என்று நாம் போற்றும் அந்தக் கைதான் இதையும் எழுதியது. நம் மலர்களில் திருமுழுக்கு எண்ணிக்கைகள் வருகின்றன. எட்டு நாள் தோல்வி வருவதில்லை. தன் இனத்து அதிகாரிமேல் ஒரு புனிதர் கொண்ட கோபமும் வருவதில்லை. கடற்கரையைப் பற்றி உண்மையாக எழுதிய முதல் குரு, காற்றையும் தோல்வியையும் கணக்கில் சேர்த்தே எழுதினார். கசப்பு என்று நாம் அஞ்சுவது அங்கிருந்தே தொடங்குகிறது.

கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் கடலில்லாத எங்கள் மாவட்டத்துக்கும் ஒரு கரை உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. பென்னாகரம் வட்டத்தின் தென்கோடியில் நாகமரை. அதற்கு எதிரே, நீருக்கு அப்பால், சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. நடுவில் கிடப்பது 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கம். அதற்கு முன் அங்கே ஊர்கள் இருந்தன. நீர்மட்டம் பெரிதும் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கத்தில் மூழ்கிய நந்தியின் தலை தெரியும். ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் தெரியும். நாளிதழ்கள் படம் போடும். மக்கள் போய்ப் பார்த்துத் திரும்புவார்கள். அந்த நீரின்மேல் பரிசலில் போய் வலைவீசிப் பிழைக்கும் குடும்பங்கள் இரு கரையிலும் இருக்கின்றன. தங்கள் பாட்டனாரின் ஊருக்கு மேலே மிதந்துகொண்டு மீன் பிடிக்கிற அவர்களைப் பற்றி ஒரு கதையும் நான் பார்த்ததில்லை.

வாசகர் வட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் வருகிறான். 'ஆழி சூழ் உலகை' இருமுறை படித்தவன் அவன் ஒருவனே. கடந்த மாதம் நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, படித்துப் பார்க்கும்படி தயக்கத்தோடு நீட்டினான். தன் பாட்டி சொல்லக் கேட்டதை எழுதத் தொடங்கியிருக்கிறான். நான்கு பக்கங்கள் முடிந்திருக்கின்றன. ஐந்தாம் பக்கத்தில் வாக்கியம் ஏதும் இல்லை. நீருக்குள் போன தெருக்களின் பெயர்களை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறான். இரண்டு பெயர்களுக்கு எதிரே கேள்விக்குறி இட்டிருக்கிறான். பாட்டிக்கு உடல்நிலை சற்றுத் தேறட்டும், கேட்டுச் சரிசெய்துகொண்டு வருகிறேன் என்றான்.